அமைலேஸ் ரிசல்ட் இடிக்கும்போது எங்கே தேடுவது

கணைய அழற்சியைக் கண்டுபிடிக்க ரத்தத்தில் அளக்கும் என்சைம் அமைலேஸ். அதன் ரிசல்ட் மேல் சந்தேகம் வந்தால் நம்மில் பலர் முதலில் செய்வது, அதே சாம்பிளை அதே மெஷினில் மறுபடி ஓட்டுவதுதான். இரண்டாவது முறையும் அதே எண் வந்துவிட்டால் நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். ஆனால் தவறான ட்யூபில் எடுத்த ரத்தத்தைப் பத்து முறை ஓட்டினாலும் அதே தவறான எண்தான் வரும். வயிற்று வலியில் சுருண்டு கிடக்கும் ஒருவரின் சிகிச்சை அந்த எண்ணைப் பார்த்துத்தான் நகர்கிறது. அதனால், மறுபடி ஓட்டும் முன் எங்கே பார்க்க வேண்டும் என்பதை அறிகுறிவாரியாக எழுதுகிறேன். உங்கள் பெஞ்சில் என்ன தெரிகிறதோ, அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம்.

இந்த என்சைமைப் பற்றி மூன்று விஷயங்கள் மனதில் இருந்தால் பாதிக் கோளாறுகள் தாமே பிடிபடும். முதலாவது, கால்சியம் இல்லாமல் அமைலேஸ் வேலை செய்யாது. குளோரைடு இருந்தால் அதன் வேகம் கூடும். இரண்டாவது, அது கணையத்தில் மட்டும் சுரப்பதில்லை. உமிழ்நீரில் ஏராளமாக இருக்கிறது, வியர்வையிலும் இருக்கிறது. மூன்றாவது, அது அளவில் சிறிய புரதம். சிறுநீரகத்தின் வடிகட்டியைத் தாண்டிச் சிறுநீருக்குப் போய்விடும். ரத்தத்தையும் சிறுநீரையும் சேர்த்துப் பார்ப்பதில் இவ்வளவு பலன் இருப்பதற்கு இந்த மூன்றாவது குணம்தான் காரணம்.

கீழே வரும் கணக்குகள் எல்லாம் சி.என்.பி.ஜி.3 சப்ஸ்ட்ரேட் (அமைலேஸ் உடைத்தால் மஞ்சள் நிறம் தரும் பொருள்), 37 டிகிரி, 405 நானோமீட்டர் என்ற கைனடிக் முறைக்கானவை, அதாவது நிற மாற்றத்தை நிமிடத்துக்கு நிமிடம் அளக்கும் முறை. உங்களிடம் இ.பி.எஸ்.-ஜி7 என்ற வேறு சப்ஸ்ட்ரேட் உள்ள கிட் இருந்தால் எண்கள் மாறும், தேடும் வழி மாறாது.

எல்லா சாம்பிளும் குறைவு, கண்ட்ரோலும் குறைவு

கண்ட்ரோலும் (விடை முன்பே தெரிந்த சோதனைச் சீரம்) சேர்ந்து விழுந்தால் நோயாளிகளின் ட்யூப்களைத் தொட வேண்டாம். கோளாறு மெஷினிலோ ரியேஜென்ட்டிலோ கணக்கிலோ இருக்கிறது.

நான் வேலை பார்த்த ஓரிடத்தில் புது கிட் வந்தது. பழைய கிட்டில் 1000 மைக்ரோலிட்டர் ரியேஜென்ட்டுக்கு 25 மைக்ரோலிட்டர் சீரம், புதியதில் 20. பைப்பட்டை மாற்றினோம், செமி-ஆட்டோ மெஷினில் இருந்த ஃபாக்டரை (நிற மாற்றத்தை யூனிட்டாக்கும் பெருக்கெண்) யாரும் மாற்றவில்லை. கண்ட்ரோல் ஐந்தில் ஒரு பங்கு கீழே இறங்கி நின்றது. கண்ட்ரோல் பாட்டில்தான் கெட்டுவிட்டது என்று புதிதாக ஒன்றைக் கரைத்தோம், அதுவும் அங்கேயே நின்றது. இரண்டு நாள் அப்படியே போயிற்று.

அந்தக் கணக்கு இதுதான். மொத்தக் கன அளவை 1000-ஆல் பெருக்கி, அதைச் சாம்பிள் அளவு × 12.9 என்பதால் வகுக்க வேண்டும். 12.9 என்பது இந்த முறையில் வெளிவரும் மஞ்சள் நிறப் பொருளின் மில்லிமோலார் உறிஞ்சல் கெழு. 25 மைக்ரோலிட்டருக்கு 1025 × 1000 ÷ (25 × 12.9) = 3178. 20 மைக்ரோலிட்டருக்கு 1020 × 1000 ÷ (20 × 12.9) = 3953. உறிஞ்சலில் நிமிடத்துக்கு 0.030 மாற்றம் தெரிந்தால் சரியான விடை லிட்டருக்கு 119 யூனிட். பழைய ஃபாக்டரில் எங்களுக்கு வந்தது 95. மேல் எல்லை 100 என்று வைத்திருக்கும் லேபில் இந்த வித்தியாசம் ஒருவரை 'நார்மல்' ஆக்கிவிடும். புது கிட் திறந்த அன்றே இன்சர்ட்டில் (கிட்டோடு வரும் விளக்கத்தாள்) உள்ள ஃபாக்டரை மெஷின் திரையில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று நிமிட வேலை.

ஃபாக்டர் சரியென்றால் அடுத்தது வெப்பநிலை. ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த ரியேஜென்ட்டை அப்படியே ஊற்றி ஓட்டினால், கியுவெட் (திரவத்தை வைத்து அளக்கும் சிறு கலம்) 37-ஐத் தொடும் முன்பே ரீடிங் தொடங்கிவிடும். முதல் நிமிடத்தின் மாற்றம் சிறிதாகவும் மூன்றாவது நிமிடத்தின் மாற்றம் பெரிதாகவும் இருந்தால் காரணம் இதுதான். தேவையான அளவு ரியேஜென்ட்டை மட்டும் தனியே பிரித்து, ஐந்து நிமிடமாவது 37-இல் வைத்து எடுங்கள்.

மாவாக வரும் கண்ட்ரோலைக் கரைப்பதிலும் தவறு நடக்கும். 5 மில்லி என்றால் கிளாஸ் பைப்பட்டில் அளந்த 5 மில்லி. அரை மணி நேரம் விட்டு, நுரை வராமல் மெல்ல உருட்டிக் கலக்க வேண்டும். குலுக்கக் கூடாது.

கண்ட்ரோல் சரியாக இருக்கிறது, ஒரே ஒருவருக்கு மட்டும் நம்ப முடியாத அளவு குறைவு

ட்யூபின் மூடியைப் பாருங்கள். ஊதா மூடி என்றால் இ.டி.டி.ஏ., நீல மூடி என்றால் சிட்ரேட், சாம்பல் மூடி என்றால் ஃப்ளோரைடோடு ஆக்ஸலேட். மூன்றுமே கால்சியத்தைப் பிடித்துக்கொள்கின்றன. கால்சியத்தை இழந்த அமைலேஸ் முடங்கிவிடும். சீரம் அல்லது ஹெப்பாரின் பிளாஸ்மா மட்டுமே ஏற்றது.

மூடி சரியாக இருந்தாலும் சந்தேகத்தை விட்டுவிடாதீர்கள். ரத்தம் போதவில்லை என்று ஊதா ட்யூபில் இருந்து கொஞ்சத்தை மஞ்சள் மூடிச் சீரம் ட்யூபில் ஊற்றியிருக்கலாம். மூடியில் இது தெரியாது, ஆனால் அதே சாம்பிளின் மற்ற ரிசல்ட்டுகளில் தெரியும். பொட்டாசியம் உயிரோடு இருப்பவருக்கு இருக்க முடியாத அளவு ஏறியிருக்கும். கால்சியம் தரைமட்டத்தில் இருக்கும். ஆல்கலைன் பாஸ்பட்டேஸும் விழுந்திருக்கும். இந்த மூன்றும் சேர்ந்து தெரிந்தால் வேறு எதையும் தேட வேண்டாம், புதிதாக ரத்தம் கேளுங்கள். அந்தச் சாம்பிளில் கால்சியம் சேர்த்துச் சரிக்கட்டும் முயற்சி வேண்டவே வேண்டாம்.

வயிற்று உறை வழியாக டயாலிசிஸ் செய்துகொள்பவர் என்றால் என்ன திரவம் பயன்படுத்துகிறார் என்று கேளுங்கள். ஐகோடெக்ஸ்ட்ரின் என்றால், அது மாவுச்சத்தின் உறவுக்காரப் பொருள். நம் சப்ஸ்ட்ரேட்டோடு போட்டி போட்டு அமைலேஸைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். எண் பொய்யாகக் குறையும். அவருக்குக் கணைய அழற்சி சந்தேகம் என்றால் லைப்பேஸ் (கணையம் சுரக்கும் இன்னொரு என்சைம்) செய்யச் சொல்வதே சரி.

கைக்குழந்தைக்குக் குறைவாக இருந்தால் அது கோளாறல்ல. பிறந்த குழந்தையின் கணையம் அமைலேஸை மிகக் குறைவாகவே சுரக்கும். பெரியவர்களின் எல்லையை அச்சிட்டு 'குறைவு' என்று அடிக்கோடிட்டு அனுப்பி, பெற்றோரைப் பதற வைக்காதீர்கள்.

பிளாங்க் (சாம்பிள் சேர்க்காத ரீடிங்) ஏறிக்கொண்டே போகிறது, ரியேஜென்ட் மஞ்சளாகிறது

மற்ற என்சைம் டெஸ்டுகளில் இல்லாத தொல்லை அமைலேஸில் இருக்கிறது. நம் வாயே இந்த டெஸ்டுக்கு எதிரி. சீரத்தில் லிட்டருக்குப் பத்துக் கணக்கில் இருக்கும் யூனிட்டுகள் உமிழ்நீரில் பல்லாயிரம், லட்சம் என்று போகும். கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி போதும்.

காட்சியை நினைத்துப் பாருங்கள். ரியேஜென்ட் பாட்டில் திறந்திருக்கிறது. ஒருவர் அதன் மேல் குனிந்து பைப்பட் செய்தபடியே பக்கத்தில் இருப்பவரோடு பேசுகிறார். பாட்டிலை மூடி ஃப்ரிட்ஜில் வைக்கிறார். காலையில் தண்ணீர் போல நிறமற்று இருந்த திரவம் மறுநாள் லேசான எலுமிச்சை நிறத்தில் இருக்கிறது. உள்ளே விழுந்த அமைலேஸ் இரவெல்லாம் சப்ஸ்ட்ரேட்டை உடைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. அந்தப் பாட்டிலில் ஓட்டும் ஒவ்வொரு சாம்பிளும், வெறும் சலைன்கூட, அமைலேஸ் இருப்பதாகக் காட்டும்.

சோதிப்பது எளிது. சாம்பிளுக்குப் பதில் 0.9 சதவீத சலைன் விட்டு மூன்று நிமிடம் ஓட்டுங்கள். மாற்றம் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். தொடக்க உறிஞ்சல் இன்சர்ட்டில் சொன்ன எல்லையைத் தாண்டியிருந்தாலும், சலைனிலேயே எண் ஏறினாலும் அந்தப் பாட்டிலைக் கொட்டிவிடுங்கள். விலையை நினைத்து, பிளாங்க்கைக் கழித்து ஓட்டலாம் என்று ஒருவர் சொல்வார், கேட்காதீர்கள். சப்ஸ்ட்ரேட் தீர்ந்துகொண்டிருக்கும் பாட்டில் உயர்ந்த சாம்பிள்களில் குறைவாகக் காட்டும், அதைக் கழித்தலால் சரிசெய்ய முடியாது.

தடுக்கும் வழி: முகக்கவசம், கையுறை, திறந்த பாட்டிலின் மேல் பேச்சில்லை, வாயால் உறிஞ்சும் பைப்பட் அறவே இல்லை. டிப்பின் முனையை விரலால் அழுத்திப் பொருத்தும் பழக்கம் சிலருக்கு உண்டு, அதையும் விட வேண்டும், வியர்வை போதும். பெரிய பாட்டிலில் நேரடியாக டிப்பை நுழைக்காமல், அன்றைய தேவைக்குச் சிறு குப்பியில் ஊற்றி எடுங்கள். எடுத்ததில் மீந்ததைத் திரும்ப ஊற்றக் கூடாது.

ஒரே ஒரு சாம்பிள் மட்டும் காரணமில்லாமல் எகிறி, மறுபடி ஓட்டினால் இயல்புக்கு வந்தாலும் இதே காரணத்தைத்தான் முதலில் நினைக்க வேண்டும். தும்மலோ பேச்சோ அந்த ஒரு கியுவெட்டில் விழுந்திருக்கலாம். இல்லையென்றால் அதற்கு முன் ஓடிய சாம்பிளைப் பாருங்கள். அது ஆயிரங்களில் இருந்தால் மெஷினுக்குள் சாம்பிள் ஓடும் ஃப்ளோ செல்லில் மிச்சம் தங்கியிருக்கிறது. நன்றாகக் கழுவி, சலைன் ஒன்றை ஓட்டிவிட்டுத் தொடருங்கள். திறந்த கப்பிலேயே உமிழ்நீர் விழுந்திருந்தால் மறுபடி ஓட்டினாலும் உயர்வாகவே நிற்கும். அப்போது ரத்தம் எடுத்த தாய் ட்யூபில் இருந்து புதிதாக எடுத்து ஓட்ட வேண்டும்.

கடும் வலி, ஆனால் அமைலேஸ் நார்மல்

நான் மிகவும் பயப்படும் அறிகுறி இது. உயர்வான எண்ணை யாராவது கேள்வி கேட்பார்கள். 'நார்மல்' என்ற சொல்லை யாரும் கேள்வி கேட்பதில்லை.

முதலில் சீரத்தின் நிறத்தைப் பாருங்கள். பால் போல இருந்தால் எண்ணை நம்ப வேண்டாம். ட்ரைகிளிசரைடு டெசிலிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டிய சீரத்தில் அமைலேஸ் பொய்யாகக் குறைந்து காட்டுவது நன்கு அறியப்பட்ட விஷயம். ட்ரைகிளிசரைடு 1000-ஐத் தாண்டினால் அதுவே கணைய அழற்சியைக் கொண்டுவரக்கூடும். அதாவது எந்த நோயாளிக்கு இந்த டெஸ்ட் அவசரமாகத் தேவையோ, அவரிடமே அது ஏமாற்றுகிறது.

செய்ய வேண்டியது: அதே சீரத்தைச் சலைனில் ஐந்து மடங்கு, பத்து மடங்கு என்று நீர்க்கச் செய்து ஓட்டி, மடங்கால் பெருக்குங்கள். எந்தத் தடையும் இல்லாத சீரத்தில் மூன்று விடைகளும் ஒன்றாகவே வரும். நீர்க்க நீர்க்க விடை ஏறினால் உள்ளே ஏதோ தடுக்கிறது, நீர்க்காமல் வந்த எண் பொய். கூடவே சிறுநீர் அமைலேஸையும் லைப்பேஸையும் கேளுங்கள். சிறுநீரில் அந்தக் கொழுப்பு இல்லாததால் அங்கே உயர்வு மறையாமல் தெரியும். சீரம் பாலாக இருக்கிறது என்ற செய்தியையும் மருத்துவருக்கு உடனே சொல்லுங்கள், அதுவே ஒரு ரிசல்ட்தான்.

சீரம் தெளிவாக இருந்தால் மெஷின் திரையில் இறுதி எண்ணைத் தாண்டி உள்ளே போய், நிமிடத்துக்கு நிமிடம் உள்ள ரீடிங்கைப் பாருங்கள். நல்ல ஓட்டம் இப்படி இருக்கும்: 0.412, 0.441, 0.471, 0.500. மாற்றங்கள் 0.029, 0.030, 0.029. கெட்ட ஓட்டம் இப்படி: 1.62, 1.90, 1.98, 2.00. மாற்றங்கள் 0.28, 0.08, 0.02. இரண்டாவதில் அமைலேஸ் அவ்வளவு அதிகமாக இருந்ததால், நாம் அளக்கத் தொடங்கும் முன்பே சப்ஸ்ட்ரேட்டின் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது. மெஷின் மூன்றின் சராசரியை எடுத்து, ஃபாக்டர் 3178 என்றால் 403 என்று அச்சிடும். உண்மை ஆயிரங்களில் இருக்கலாம். இன்னும் அதிகமான சாம்பிளில் கோடு முழுக்கத் தட்டையாகி, நார்மலுக்குள்ளேயேகூட எண் வந்து உட்காரும். எச்சரிக்கைக் குறி (ஃப்ளாக்) காட்டாத பழைய மெஷின்களில் இது கண்ணில் படாமலே போய்விடும். சலைனில் பத்து மடங்கு நீர்த்து ஓட்டுங்கள். வெறும் காய்ச்சி வடித்த நீர் வேண்டாம், அமைலேஸுக்குக் குளோரைடு தேவை.

இரண்டும் இல்லையென்றால் நேரத்தைக் கேளுங்கள். வலி எப்போது தொடங்கியது? கணைய அழற்சியில் ரத்த அமைலேஸ் சில மணி நேரத்தில் ஏறத் தொடங்கி, பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நாளில் இயல்புக்குத் திரும்பிவிடும். ஒரு வாரம் வீட்டிலேயே வலியைத் தாங்கிவிட்டு வந்தவருக்கு ரத்தத்தில் ஒன்றும் தெரியாமல் போகலாம். சிறுநீரில் உயர்வு ஒரு வாரம், பத்து நாள்வரை நிற்கும். லைப்பேஸும் அதைப் போலவே நீண்டு நிற்கும். பல ஆண்டு அழற்சியில் கணையத் திசுவே அழிந்துபோனவருக்கோ, புதிதாக வலி வந்தாலும் ஏறுவதற்கு அமைலேஸ் மிச்சமிருக்காது.

உயர்வு உண்மைதான், ஆனால் கணையத்தில் ஒன்றும் இல்லை

டெஸ்ட் சரி, காரணம் வேறு. பொன்னுக்கு வீங்கி, உமிழ்நீர்ச் சுரப்பி வீக்கம், ஓயாத வாந்தி, குடல் ஓட்டை, வெடித்த கருக்குழாய்க் கர்ப்பம், சர்க்கரை நோயின் கீட்டோன் நிலை, சில நுரையீரல், சூலகக் கட்டிகள், மார்ஃபின் வகை மருந்துகள், ஹைட்ராக்ஸிஎத்தில் ஸ்டார்ச் ஏற்றிய பின் வரும் சில நாட்கள் என்று பட்டியல் நீளம். கணைய வகை அமைலேஸைத் தனியே அளக்கும் கிட்டோ லைப்பேஸோ இருந்தால் பெரும்பாலும் பிரித்துவிடலாம். சிறுநீரகம் பழுதானவருக்கு இரண்டு மூன்று மடங்கு உயர்வு வெளியேற்றம் குறைந்ததாலேயே வரும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினைப் பார்க்காமல் பேசக் கூடாது.

2012-இல் திருத்தப்பட்ட அட்லாண்டா வகைப்பாடு கேட்பது, அமைலேஸோ லைப்பேஸோ மேல் எல்லையின் மூன்று மடங்காவது இருக்க வேண்டும் என்பது. அதுவும் மூன்று அளவுகோல்களில் ஒன்று மட்டுமே. மற்ற இரண்டு, அதற்கே உரிய வயிற்று வலியும் ஸ்கேனும்.

சிறுநீர் ரிசல்ட் மட்டும் ஒத்துவரவில்லை

பாட்டிலில் என்ன இருந்தது என்று கேளுங்கள். 24 மணி நேரச் சேகரிப்புக்கு அமிலம் ஊற்றிய பாட்டில்கள் உண்டு. வேறு டெஸ்டுகளுக்கு அது சரி, அமைலேஸ் அமிலத்தில் அழிந்துவிடும். பாதுகாப்புப் பொருள் இல்லாத பாட்டில், குளிர்ச்சியான இடம், இவையே போதும். பி.எச். தாளில் அமிலம் தெரிந்தால் மறுபடி சேகரிக்கச் சொல்லுங்கள்.

ஒரு தடவைச் சிறுநீரின் எண், அவர் குடித்த தண்ணீரைப் பொறுத்து ஏறி இறங்கும். அதனால் நேரம் குறித்துச் சேகரிப்பது நல்லது. 2 மணி நேரத்தில் 150 மில்லி, லிட்டருக்கு 220 யூனிட் என்றால் 220 × 0.15 ÷ 2 = மணிக்கு 16.5 யூனிட். தொடங்கும்போது சிறுநீர்ப்பையைக் காலி செய்து, அதைக் கொட்டிவிட்டு, அப்போது கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். இந்த ஒரு படியை நோயாளிக்கு யாரும் சொல்லாததால் வரும் பிழைகள்தான் அதிகம்.

'லிட்டருக்கு' என்பதையும் 'மணிக்கு' என்பதையும் குழப்பி அச்சிட்ட ரிப்போர்ட்டுகளைப் பார்த்திருக்கிறேன். பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிடும்போது அலகைப் பார்த்துவிட்டுத்தான் எண்ணைப் பார்க்க வேண்டும். சொமோஜி என்ற பழைய அலகில் டெசிலிட்டருக்கு ஒரு யூனிட் என்பதை, லிட்டருக்கு ஏறத்தாழ 1.85 யூனிட் என்று மாற்றுவார்கள். முறையே வேறு என்பதால் அந்த மாற்றம் தோராயம்தான், சிகிச்சை முடிவுக்கு ஆகாது. இரண்டு லேப்களின் எண்கள் வேறாக இருந்தால், அவரவர் மேல் எல்லையின் எத்தனை மடங்கு என்று ஒப்பிடுங்கள்.

ரத்தத்தில் மாதக்கணக்கில் உயர்வு, சிறுநீரில் குறைவு, வலியே இல்லை

அமைலேஸ் சிறிய புரதம் என்றேன். சிலருக்கு அது இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரதத்தோடு, பெரும்பாலும் ஏ வகையோடு, ஒட்டிப் பெரிதாகிவிடும். வடிகட்டியைத் தாண்ட முடியாமல் ரத்தத்திலேயே தங்கும். இதற்கு மேக்ரோஅமைலேஸ் என்று பெயர், 1960-களிலேயே விவரிக்கப்பட்டுவிட்டது. இது நோயல்ல.

ஒரே நேரத்தில் ரத்தமும் சிறுநீரும் எடுத்து, இரண்டிலும் அமைலேஸும் கிரியாட்டினினும் செய்யுங்கள். சிறுநீர் அமைலேஸை ரத்த கிரியாட்டினினால் பெருக்கி, அதை ரத்த அமைலேஸ் × சிறுநீர் கிரியாட்டினின் என்பதால் வகுத்து, 100-ஆல் பெருக்க வேண்டும். ரத்த அமைலேஸ் 480, ரத்த கிரியாட்டினின் 1.0, சிறுநீர் அமைலேஸ் 160, சிறுநீர் கிரியாட்டினின் 100 என்று வைத்துக்கொள்வோம். (160 × 1.0) ÷ (480 × 100) × 100 = 0.33 சதவீதம். இயல்பு ஏறத்தாழ 1 முதல் 4. சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு 1-க்குக் கீழே வந்தால் மேக்ரோஅமைலேஸ் என்று பலமாகச் சந்தேகிக்கலாம். இதே விகிதம் 5-க்கு மேல் போனால் கணைய அழற்சி என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். கீட்டோன் நிலையிலும் தீக்காயத்திலும் அது ஏறுவதால், மேல்பக்கத்தை நான் பொருட்படுத்துவதில்லை.

உறுதி செய்ய பாலி எத்திலீன் கிளைக்கால் 6000 போதும். 24 சதவீதக் கரைசலையும் சீரத்தையும் சம அளவு கலந்து, பத்து நிமிடம் விட்டு, சென்ட்ரிஃபியூஜ் செய்து, மேல் தெளிவில் அமைலேஸ் பார்த்து இரண்டால் பெருக்குங்கள். பெரிய மூலக்கூறு அடியில் படிந்துவிடும். முதலில் இருந்த செயல்பாட்டில் 30 சதவீதத்துக்கும் கீழே மேலே மிஞ்சினால் மேக்ரோஅமைலேஸ். சாதாரண அமைலேஸும் இதில் கொஞ்சம் படியும் என்பதால், இயல்பான சீரம் ஒன்றையும் கணைய அழற்சி சீரம் ஒன்றையும் பக்கத்திலேயே ஓட்டுங்கள். இந்தக் கரைசல் கெட்டியானது, பைப்பட்டில் மெதுவாக எடுத்து, டிப்பின் வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டு ஊற்ற வேண்டும்.

முடிவு உறுதியானதும் ரிப்போர்ட்டின் அடியில் 'மேக்ரோஅமைலேஸ் உள்ளது; சீரம் அமைலேஸ் உயர்வு மட்டும் கணைய நோயைக் குறிக்காது; தேவைப்பட்டால் லைப்பேஸ் பார்க்கவும்' என்று எழுதி, மருத்துவரிடம் போனிலும் சொல்லிவிடுங்கள். அந்த ரிப்போர்ட்டின் நகல் ஒன்றை நோயாளி தன்னிடமே வைத்திருக்கட்டும். அடுத்த முறை வேறோர் ஊரில் வேறோர் லேபில் ரத்தம் கொடுக்கும்போது அவர் அதைத்தான் எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும்.